நீலச் சேவலும் நீலப் பெட்டையும்: இறகு நிறத்தைக் கணிக்கும் முறை

அழகுக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றியவை. நீல நிறக் கொச்சின் பேண்டம் ஜோடி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி, முட்டைகளை அடைவைத்து, 21ஆம் நாள் பார்க்கும்போது கறுப்புக் குஞ்சும் சாம்பல் குஞ்சும் வெளுத்த குஞ்சும் கலந்து கிடப்பதைக் கண்டவர், தமக்குக் கலப்பினத்தை விற்று ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவுகட்டிவிடுகிறார். பெரும்பாலும் அவரை யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். நீல ஜோடி ஒன்று எதைத் தர வேண்டுமோ அதைத்தான் அந்த ஜோடி தந்திருக்கிறது. கோழியின் நிறத்தைச் சாயக் கலவை என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சாம்பல், சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சந்தனம் என்று மனம் தானாகக் கூட்டிப் பார்க்கிறது. ஆனால் தாய் தந்தையிடமிருந்து வரும் நிறக் காரணிகள் குஞ்சுக்குள் ஒன்றோடொன்று கரைந்துபோவதில்லை. தனித்தனியாக இருந்து, அடுத்த தலைமுறையில் மறுபடியும் பிரிந்து போகின்றன. இதை ஏற்றுக்கொண்டு கணக்குப் போடுகிறவருக்கு, எந்த ஜோடியில் எந்த நிறம் எந்த அளவில் வரும் என்பதை முட்டை பொரிவதற்கு முன்பே பெருமளவு சொல்லிவிட முடியும்.

முதலில் கோழியின் இறகில் உண்மையில் இருக்கும் நிறமிகளைப் பார்த்துவிடலாம். அவை இரண்டே இரண்டு. யூமெலனின் என்பது கறுப்பு. பியோமெலனின் என்பது செம்மையும் பொன்னும். நீலம், லாவெண்டர், சாக்லேட், காக்கி எல்லாம் கறுப்பின் மாற்றங்கள். சந்தனம், வைக்கோல் நிறம், மஹோகனிச் சிவப்பு எல்லாம் செம்மையின் ஏற்ற இறக்கங்கள். நிறமி இறகுக்குள் வந்து சேராதபோது அது வெள்ளை. நல்ல கறுப்புச் சேவலின் முதுகில் தெரியும் பச்சை மினுமினுப்பு தனி நிறமி அன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. ஆகவே புதிதாக ஒரு கோழியைக் கையில் எடுக்கும்போது, இதில் கறுப்பு எங்கே இருக்கிறது, செம்மை எங்கே இருக்கிறது, இரண்டில் எது மாற்றப்பட்டிருக்கிறது, எது தடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. நம் சேவல் வளர்ப்போர் வழக்கில் காகம், கீரி, மயில், செவலை என்று அழகான நிறப் பெயர்கள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரிவதைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்பவை. இணை சேர்ப்பதற்கு, கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

நீலத்தை முழுமையாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும் என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன். உடல் நிறத்தைத் தீர்மானிக்கும் பெரும்பாலான மரபணுக்கள் ஒவ்வொரு கோழியிடமும் இரண்டு நகல்களாக இருக்கின்றன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. நீலக் காரணி கறுப்பு நிறமியை வெளுக்கச் செய்வது. அது ஒரு நகல் இருந்தால் கறுப்பு நீலச் சாம்பலாகிறது. இரண்டு நகலும் இருந்தால் கோழி ஏறக்குறைய வெண்மையாகி, அதில் நீலமும் கறுப்புமாக ஒழுங்கற்ற தெறிப்புகள் மட்டும் எஞ்சுகின்றன. இதைத்தான் ஸ்பிளாஷ் என்கிறோம். ஒரு நகல்கூட இல்லாவிட்டால் அது வெறும் கறுப்பு. எனவே நீலக் கோழி எதுவானாலும், அது நீலக் காரணி ஒன்றையும் சாதாரணக் காரணி ஒன்றையும் வைத்திருக்கிறது என்று பொருள். தூய நீலம் என்று விளம்பரத்தில் வரும் சொல்லுக்கு இந்த வகைக் கோழிகளில் இடமே இல்லை.

இனி கணக்கு தானாக வந்துவிடும். நீலச் சேவல் தன் விந்தணுக்களில் பாதிக்கு நீலக் காரணியையும் பாதிக்குச் சாதாரணக் காரணியையும் தருகிறது. நீலப் பெட்டையும் முட்டைகளில் அப்படியே தருகிறது. இரண்டும் சேரும்போது நான்கில் ஒரு பங்கு குஞ்சு கறுப்பு, இரண்டு பங்கு நீலம், ஒரு பங்கு ஸ்பிளாஷ். நீலத்தைக் கறுப்போடு சேர்த்தால் பாதி நீலம், பாதி கறுப்பு, ஸ்பிளாஷ் வராது. நீலத்தை ஸ்பிளாஷோடு சேர்த்தால் பாதி நீலம், பாதி ஸ்பிளாஷ்; கறுப்பு வராது. கறுப்பை ஸ்பிளாஷோடு சேர்த்தால் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு பக்கத்திலிருந்து நீலக் காரணி கட்டாயமாக வருகிறது, மறுபக்கத்திலிருந்து வரவே வராது. ஆகவே எல்லாக் குஞ்சும் நீலம். நீலக் குஞ்சு மட்டுமே வேண்டும் என்பவர் நீலக் கோழியே இல்லாத ஜோடியை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த முடிவு முதன்முறை கேட்பவருக்கு நம்பவே முடியாததாக இருக்கும். நான் இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் ஓடும் சந்தேகத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்திலும் இதே சந்தேகம்தான் இருந்தது. ஸ்பெயின் நாட்டு வம்சமான ஆண்டலூசியன் கோழியை அங்கே கண்காட்சிக்காக வளர்த்தவர்கள், நீலத்தை நீலத்தோடு மட்டுமே சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் கழிவு என்று ஒதுக்கிவந்தார்கள். எவ்வளவு ஒதுக்கினாலும் பாதிக் குஞ்சுகள் கழிவாகவே வந்தன. மெண்டலின் பட்டாணி ஆய்வு 1900இல் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன் கோழிகளை வைத்து அதே விதிகளைச் சோதித்தார். விலங்குகளிலும் மெண்டலின் விதி செல்லும் என்பதை 1902இல் அவர் கோழிகளின் கொண்டை அமைப்பு முதலியவற்றைக் கொண்டு காட்டினார். பின்னர் அவரோடு சேர்ந்த ரெஜினால்ட் பன்னெட், இன்றும் பள்ளிப் பாடநூலில் நாம் வரையும் கட்டத்துக்குத் தம் பெயரைத் தந்தவர். நீல ஆண்டலூசியனின் புதிரை இவர்கள் விடுவித்த விதம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. கழிவு என்று தள்ளிய கறுப்பையும் தெறிப்பு வெள்ளையையும் ஒன்றோடொன்று சேர்த்தால், நீலத்தோடு நீலம் சேர்த்தபோது கிடைத்ததைவிட இரு மடங்கு நீலம் கிடைக்கிறது. அத்தனை ஆண்டு கவனமாகச் செய்த தேர்வு, தேர்ந்தெடுக்கவே முடியாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது என்பது ஒரே பருவத்தில் தெளிவாயிற்று.

குஞ்சு பொரிந்த அன்றே இந்த மூன்றையும் பிரித்தறியலாம். கறுப்புக் குஞ்சின் முதுகு கரியாக இருக்கும். வயிறும் சிறகு நுனியும் வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த வயிற்று மஞ்சளைக் கண்டு இது கலப்பு என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது கறுப்புக் குஞ்சின் இயல்பு. நீலக் குஞ்சின் தூவி புகைச் சாம்பல். ஸ்பிளாஷ் குஞ்சு மிகவும் வெளிறி, சில சமயம் வெள்ளைக் குஞ்சு என்று தோன்றும் அளவுக்கு இருக்கும்; வெளிச்சத்தில் பிடித்து முதுகைப் பார்த்தால் சாம்பல் சாயல் தெரியும். வளர்ந்த நீலக் கோழியின் மார்பு இறகு ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி நீலச் சாம்பலாக, ஓரம் மட்டும் கறுத்து, மெல்லிய கரை கட்டியதுபோல் இருக்கும். சேவலானால் கழுத்திறகும் இடுப்பிறகும் உடலைவிட நன்றாகக் கறுத்து, ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும். நீலக் காரணியின் கையெழுத்து இதுதான்.

இந்த அடையாளத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சந்தையில் நீலம் என்ற பெயரில் இன்னொரு நிறமும் விற்கிறது. அதன் பெயர் லாவெண்டர். அது முற்றிலும் வேறு மரபணு. மெலனோஃபிலின் என்ற புரதத்தில் ஏற்பட்ட மாற்றத்தால், நிறமித் துகள்கள் செல்லுக்குள் சரியாக நகர்ந்து இறகுக்குள் பரவுவதில்லை என்பது 2008இல் வெளியான ஆய்வில் கண்டறியப்பட்டது. லாவெண்டர் ஒடுங்கு காரணி. இரண்டு நகல் இருந்தால்தான் வெளியே தெரியும். ஒரு நகல் இருந்தால் கோழி கறுப்பாகவே இருக்கும். லாவெண்டர் இறகு ஓரக் கரை இல்லாமல் ஒரே சீரான வெளிர் சாம்பல். சேவலின் கழுத்தும் உடலும் ஒரே நிறம். மேலும், நீலக் காரணி கறுப்பை மட்டுமே வெளுக்கும், செம்மையைத் தொடாது. லாவெண்டர் செம்மையையும் வைக்கோல் நிறமாக்கிவிடும். நீலத்துக்கும் லாவெண்டருக்கும் கணக்கு நேர்மாறானது. லாவெண்டரை லாவெண்டரோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சும் லாவெண்டர். கறுப்போடு சேர்த்தால் எல்லாக் குஞ்சும் கறுப்பு. கையில் இருப்பது எது என்று சந்தேகம் வந்தால், தூய கறுப்புப் பெட்டையோடு சேர்த்துப் பார்ப்பதே சிறந்த வழி. பாதி நீலமாக வந்தால் நீலம். எல்லாம் கறுப்பாக வந்தால் லாவெண்டர். லாவெண்டரை மட்டுமே லாவெண்டரோடு சேர்த்துக்கொண்டே போனால் வால் இறகும் இடுப்பிறகும் நைந்து கிழியும் குறை சில வம்சங்களில் தலைகாட்டும். அதனால் நல்ல வளர்ப்பாளர்கள் இடையிடையே கறுப்பைக் கொண்டுவந்து, அதில் பிறக்கும் கறுப்புக் குஞ்சுகளை மறுபடி லாவெண்டரோடு சேர்த்து இறகின் உறுதியைக் காப்பாற்றுகிறார்கள்.

வீட்டு வளர்ப்பில் இந்தக் கணக்கைக் குலைப்பது குஞ்சுகளின் எண்ணிக்கை. நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு நான்கு குஞ்சிலும் ஒன்று என்பதல்ல. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு. நீல ஜோடியின் நான்கு குஞ்சுகளில் ஒரு ஸ்பிளாஷ்கூட இல்லாமல் போக ஏறக்குறைய 32 சதவீதம் வாய்ப்பு உண்டு. எட்டுக் குஞ்சுகள் பொரிந்தாலும் அந்த வாய்ப்பு 10 சதவீதம். பன்னிரண்டு பொரிந்தால்தான் 3 சதவீதமாகக் குறைகிறது. கொச்சின் பேண்டம் போன்ற சிறு கோழி ஓர் அடையில் சில முட்டைகளையே தாங்கும் என்பதால், ஒரே அடையை வைத்துக்கொண்டு இந்த ஜோடியில் ஸ்பிளாஷ் வராது என்று முடிவு செய்யக் கூடாது. ஒரே ஜோடியின் பல அடைகளைச் சேர்த்து எண்ணினால் விகிதம் மெல்ல நெருங்கிவரும். குறிப்பேடு வைத்திருப்பவருக்கே இது தெரியவரும்.

இனி வெள்ளை. நிறக் கணிப்பில் மிகக் கடினமானது இதுதான் என்பது என் கருத்து. வெள்ளைக் கோழி என்பது சுண்ணாம்பு அடித்த சுவர். அடியில் என்ன வண்ணம் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதோடு, அடித்த சுண்ணாம்பே இரண்டு வகை. வெள்ளை லெகார்னிடம் இருப்பது ஓங்கு வெள்ளை. அது ஒரு நகல் இருந்தாலே கறுப்பு நிறமியைத் தடுத்துவிடும். ஒரே நகல் இருக்கும் கோழியில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் கசிந்து தெரியலாம். ஆனால் செம்மையை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. கறுப்புச் சிவப்புச் சேவலின் வடிவத்தில் இந்தக் காரணி வந்து சேர்ந்தால் கறுப்பு இருந்த இடமெல்லாம் வெண்மையாகி, செம்மை அப்படியே நின்று, மிக அழகான சிவப்பு வெள்ளைச் சேவல் கிடைக்கும். வெள்ளை சில்கியிடம் இருப்பதோ ஒடுங்கு வெள்ளை. நிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் மரபணுவின் நடுவில் பழைய வைரஸ் ஒன்றின் மரபுத் துண்டு புகுந்துவிட்டதே இதற்குக் காரணம் என்று 2006இல் காட்டினார்கள். இரண்டு நகலும் அப்படி ஆகிவிட்டால் கறுப்பு, செம்மை எதுவும் இறகில் வராது. ஒரு நகல் நன்றாக இருந்தால் நிறம் முழுமையாக வந்துவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். வெள்ளை சில்கிச் சேவலை வெள்ளை சில்கிப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாம் வெள்ளை. அதே சேவலைக் கறுப்பு சில்கிப் பெட்டையோடு சேர்த்தால், பெட்டை வெள்ளைக் காரணியை மறைத்து வைத்திருக்காத வரை, ஒரு வெள்ளைக் குஞ்சும் வராது; எல்லாம் நிறக் குஞ்சுகள். அந்த நிறம் என்ன என்பது, அந்த வெள்ளைச் சேவல் அடியில் எதை வைத்திருந்தது என்பதைப் பொறுத்தது. குஞ்சுகளில் பாதி நீலமாக வந்தால், அந்த வெள்ளைச் சேவல் உள்ளே நீலக் காரணியைச் சுமந்துகொண்டிருந்தது என்று அறிகிறோம். அதற்கு எதிராக, வெள்ளை லெகார்னையும் வெள்ளை சில்கியையும் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்க வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளைக் குஞ்சுகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் 16க்கு 13 வெள்ளையும் 3 நிறமும் வரும். தாத்தா பாட்டி, அப்பா அம்மா எல்லோரும் வெள்ளையாக இருக்க, பேரக்குஞ்சு கறுப்பாகவோ பலநிறமாகவோ பிறக்கும். இதைப் பார்த்து அக்கம்பக்கத்து நாட்டுச் சேவல் மேல் பழி போடுவது எளிது. மறைந்திருந்த நிறம் மூன்றாம் தலைமுறையில் வெளிப்பட்டிருக்கலாம் என்பதை முதலில் ஆராய வேண்டும்.

ஓங்கு வெள்ளை பற்றி இன்னொரு செய்தி. டன் எனப்படும் பழுப்பும் ஓங்கு வெள்ளையும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட இரு வேறு மாற்றங்கள் என்று 2004இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு கோழியால் இரண்டையும் தலா ஒரு நகல்தான் வைத்திருக்க முடியும். அதற்கு மேல் இடமில்லை. டன் நிறமும் நீலத்தைப் போலவே நடந்துகொள்கிறது. ஒரு நகல் இருந்தால் பழுப்பு, இரண்டு இருந்தால் காக்கி. போலிஷ் கோழிகளில் இந்தக் காக்கியைக் காணலாம். ஆனால் கண்ணுக்கு ஏறக்குறைய இதேபோலத் தெரியும் சாக்லேட் நிறம், ஆர்பிங்டன்களில் இன்று பெயர் பெற்றது, வேறொரு விதிப்படி வருகிறது. அதற்கு, யார் தந்தை, யார் தாய் என்பது முக்கியம்.

இதுவரை சொன்ன மரபணுக்களில் சேவலை இடம் மாற்றிப் பெட்டையாக்கினாலும் கணக்கு மாறாது. பால் இணைந்த மரபணுக்களில் மாறும். மனிதரில் ஆணிடம் இரு வேறு பால் குரோமோசோம்கள் இருப்பதுபோல, கோழியில் பெட்டையிடம் இரு வேறு குரோமோசோம்கள் இருக்கின்றன. சேவலிடம் இசட் இரண்டு. பெட்டையிடம் இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. பெட்டை தன் ஒரே இசட்டை மகன்களுக்கு மட்டுமே தருகிறது. மகள்களுக்கு டபிள்யூவைத் தருகிறது. எனவே இசட்டில் இருக்கும் நிறக் காரணிகள் எதையும் தாயால் மகளுக்குக் கொடுக்கவே முடியாது. மகளின் அந்தப் பகுதி நிறம் முழுக்கத் தந்தையுடையது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வெள்ளியும் பொன்னும். வெள்ளிக் காரணி செம்மையை வெண்மையாக்குகிறது, அது ஓங்கு, பொன் ஒடுங்கு, இரண்டும் இசட்டில் இருப்பவை. பிரம்மா என்னும் கோழி இனத்தில் வெளிர் பிரம்மா வெள்ளி, சந்தன பிரம்மா பொன். சந்தன பிரம்மாச் சேவலை வெளிர் பிரம்மாப் பெட்டையோடு சேர்த்தால், மகள்கள் தந்தையின் பொன்னை மட்டுமே பெற்றுப் பொன்னிறமாகவும், மகன்கள் தாயின் வெள்ளியையும் பெற்று வெளிறியும் வருவார்கள். பொரிந்த அன்றே தூவியின் நிறத்தைக் கொண்டு சேவல், பெட்டை பிரித்துவிடலாம். அதே இரண்டு இனங்களை இடம் மாற்றி, வெளிர் சேவலையும் சந்தனப் பெட்டையையும் சேர்த்தால், சேவல் தூய வெள்ளியாக இருக்கும்வரை எல்லாக் குஞ்சும் வெள்ளிதான், பால் தெரியாது. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தீவனம் அருமையாக இருந்தபோது, தேவையற்ற சேவல் குஞ்சுகளை முதல் நாளே பிரிக்க இந்த நிறக் கணக்கைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவரும் பன்னெட்தான். ரோட் ஐலண்ட் ரெட் சேவலும் லைட் சசெக்ஸ் பெட்டையும் சேர்ந்த கலப்பு அந்த வழியில் உலகப் புகழ் பெற்றது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஓர் உண்மை கிடைக்கிறது. பெட்டையிடம் இசட் ஒன்றே இருப்பதால், அந்தக் காரணிகளை அதனால் மறைத்து வைக்க முடியாது. வெள்ளிப் பெட்டை என்றால் வெள்ளிதான். சேவல் அப்படியல்ல, வெள்ளிச் சேவல் ஒன்று உள்ளே பொன்னைச் சுமக்கலாம். தோளிலும் கழுத்திலும் வைக்கோல் மஞ்சள் படிந்த வெள்ளிச் சேவலைப் பார்த்தால் நான் அதைச் சந்தேகத்தோடுதான் வாங்குவேன். சாக்லேட்டும் இவ்வழியே. சாக்லேட் சேவல், கறுப்புப் பெட்டை என்றால் மகள்கள் எல்லாம் சாக்லேட், மகன்கள் எல்லாம் சாக்லேட்டைச் சுமக்கும் கறுப்பு. தூய கறுப்புச் சேவல், சாக்லேட் பெட்டை என்றால் ஒரு குஞ்சும் சாக்லேட்டாகத் தெரியாது. பிளிமத் ராக் கோழியில் காணும் குறுக்குப் பட்டையும் இசட்டில் இருப்பதே. சேவலிடம் பட்டைக் காரணி இரண்டு, பெட்டையிடம் ஒன்று என்பதால்தான் அந்த இனத்தில் சேவல் பெட்டையைவிட வெளிறித் தெரிகிறது.

கறுப்பையும் எளிமையான நிறம் என்று நம்பக் கூடாது. உடல் முழுக்கக் கறுப்பைப் பரப்பும் காரணி எம்.சி.1.ஆர் என்னும் மரபணுவின் ஒரு வடிவம். அதே மரபணுவின் மற்ற வடிவங்கள் காட்டுக்கோழி நிறத்துக்கும் கோதுமை நிறத்துக்கும் பார்ட்ரிட்ஜ் என்னும் கவுதாரி நிறத்துக்கும் அடித்தளம். முழுக் கறுப்பு மற்றவற்றை மூடிவிடுவதால், கறுப்புக் கோழி வெள்ளியா பொன்னா, அதற்குள் என்ன கோலம் இருக்கிறது என்பது தெரியாமலே போகிறது. கறுப்பு கொச்சினைச் சந்தன கொச்சினோடு சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் கறுப்பாக, கழுத்திலும் சேவலின் தோளிலும் பொன் கசிந்து நிற்கும். இரண்டாம் தலைமுறையில் கட்டுக்கடங்காத பல நிறங்கள் வரும். சந்தனம் என்பது ஒரே காரணியால் வரும் நிறமல்ல. பல காரணிகள் கூடி அமைந்த நிறம் அது. ஒருமுறை கலைத்துவிட்டால் மறுபடி சீரான சந்தனத்துக்குத் திரும்ப நிறையத் தலைமுறைகளும் நிறைய இடமும் வேண்டும். வீட்டு வளர்ப்பில் இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கோலம் போட்ட இறகுகளும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய செப்ரைட் பேண்டத்தின் ஒவ்வோர் இறகையும் சுற்றி ஓடும் கறுப்புக் கரைக்கு, தகுந்த அடித்தள நிறத்தின் மேல் மூன்று தனிக் காரணிகள் ஒன்றுகூட வேண்டும். அதை ஒரே நிறக் கோழியோடு சேர்த்தால் கரை முதல் தலைமுறையிலேயே குலைந்துவிடும். ஆனால் கரை போட்ட கோழிக்குள் நீலக் காரணியை மட்டும் கொண்டுவந்தால் கணக்கு மறுபடி எளிதாகிறது. கறுப்புக் கரையிட்ட சிவப்பு வயண்டாட் நீலக் கரையிட்ட சிவப்பாகிறது. நீலக் காரணி செம்மையைத் தொடாததால் நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. அதையும் அதையும் சேர்த்தால் கறுப்புக் கரை, நீலக் கரை, ஸ்பிளாஷ் கரை என்று அதே ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று விகிதம் திரும்பவும் வருகிறது.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், தந்தை யார் என்பதில் உறுதி இல்லாவிட்டால் அது வீண். பெட்டையின் கருக்குழாயில் விந்தணு இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். ஆகவே புதிய சேவலோடு சேர்த்த மறுநாள் எடுத்த முட்டையில் பழைய சேவலின் குஞ்சு இருக்கலாம். பெட்டையைத் தனியே பிரித்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் நான் அடைக்கு முட்டை சேகரிக்கிறேன். அடுத்தது சோதனைக் கலப்பு. கறுப்பு சில்கிச் சேவல் ஒன்று ஒடுங்கு வெள்ளையைச் சுமக்கிறதா என்று அறிய, அதை வெள்ளை சில்கிப் பெட்டையோடு சேர்க்க வேண்டும். அது சுமப்பதானால் ஒவ்வொரு குஞ்சுக்கும் வெள்ளையாகப் பிறக்கப் பாதி வாய்ப்பு. ஒரே ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தாலும் விடை கிடைத்துவிட்டது. ஐந்து குஞ்சுகளும் நிறமாக வந்தால், அது சுமந்துகொண்டே தப்பித்திருக்க 32இல் ஒரு வாய்ப்புதான். ஏழு குஞ்சுகளும் நிறமாக வந்தால் 128இல் ஒன்று. இனவிருத்திக்கு நிறுத்தப்போகும் விலையுயர்ந்த சேவலுக்கு இந்த ஒரு பருவச் செலவு பெரிதல்ல. குஞ்சுகளுக்கு ஜோடிவாரியாக வண்ணக் கால்வளையம் போட்டு, பொரிந்த அன்றைய தூவி நிறத்தை ஒரு பத்தியிலும், ஆறு மாதம் கழித்து வளர்ந்த இறகின் நிறத்தை அடுத்த பத்தியிலும் எழுதிவைத்தால், வம்சத்துக்குள் மறைந்திருப்பது சில பருவங்களிலேயே ஏட்டில் தெரியத் தொடங்கும். குஞ்சின் முதல் இறகை மட்டும் நம்பி விற்பதும் ஒதுக்குவதும் தவறாகப் போகலாம். கறுப்பில் வெள்ளைப் புள்ளியிட்ட கோழிகள் ஒவ்வொரு முறை இறகு உதிர்த்து முளைக்கும்போதும் வெண்மை கூடிக்கொண்டே போகும். நம் ஊர் வெயிலில் பழைய இறகில் கறுப்பு செம்பட்டை பாய்ந்துவிடும். நீலமும் மங்கிப் பழுப்பேறும். இறகு உதிர்த்துப் புது இறகு நிறைந்த பிறகு பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும்.

காரணிகளின் கணக்கு நீலமா கறுப்பா என்பதைச் சொல்லும். எந்த அளவு நீலம், கரை எவ்வளவு கூர்மை என்பதைச் சொல்லாது. அது பல சிறு காரணிகளின் கூட்டு விளைவு. கண்ணாலும் தேர்வாலும் மட்டுமே வசப்படும். நீலத்தை ஸ்பிளாஷோடு மட்டுமே தொடர்ந்து சேர்த்தால் நிறம் வெளிறி, இறகோரக் கரை மறையத் தொடங்குகிறது என்பது அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலரும் சொல்வது, என் கோழிகளிலும் நான் கண்டது. அதனால் பச்சை மினுமினுப்பு நன்றாக உள்ள, செம்மை துளியும் கசியாத கறுப்புக் கோழிகளைத் தேடி வாங்கி வைத்திருக்கிறேன். வரும் பருவத்தில் அந்தக் கறுப்புப் பெட்டைகளோடு என் ஸ்பிளாஷ் சேவலைச் சேர்க்கப்போகிறேன். குஞ்சு எல்லாம் நீலமாகத்தான் வரும். அவற்றில் மார்பிறகின் ஓரம் தெளிவாகக் கறுத்த விடைக்கோழிகளை மட்டும் நிறுத்தி, அவற்றை உறவில்லாத கறுப்புச் சேவலோடு சேர்த்தால், அடுத்த தலைமுறையில் பாதி நீலம், பாதி கறுப்பு. அந்தக் கறுப்பையும் விற்கப்போவதில்லை. அதற்கு அடுத்த ஸ்பிளாஷுக்கு இணையாக அவையே வேண்டும்.